பதினான்காம் வாக்கியம்

அத்தியாயம் 12

நடாஷா தேடிய வினாநிரல் கிடைத்துவிட்டது. அதைத் தமிழில் ஆக்கியவர் அவளுடைய தாய் என்பதும் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையன்று நூலகத் தரவுத்தளத்தின் திரையில் அந்தப் பெயரைக் கண்டவள், வெள்ளிக்கிழமை காலை வரை அதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆலிஸ் சவரிமுத்து. நடாஷாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது மேற்படிப்புக்கென்று நியூசிலாந்துக்குப் புறப்பட்டவர். இரண்டே ஆண்டுகள் என்று சொல்லிப் போனவர், அங்கேயே விரிவுரையாளராகத் தங்கிவிட்டார். இப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளில் தனித்து வாழும் தமிழ் முதியோரின் தனிமையை அளப்பது நடாஷாவின் முதுகலை ஆய்வு. ஆய்வு நெறிக்குழுவுக்கு அவளுடைய படிவம் இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வினாநிரலை ஆக்கியவர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதமும் அதனுடன் இருக்க வேண்டும். தவறினால் குழு மறுபடி கூடுவது மூன்று மாதம் கழித்துத்தான். அவளுடைய படிப்புக் காலமோ இரண்டு மாதத்தில் முடிகிறது.

ஆகவே, தாயிடம் கேட்டே ஆக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேசாத தாயிடம்.

காலை ஒன்பது மணிக்கு அவள் நூலகத்தின் இரண்டாம் மாடியில் நின்றாள். உளவியல் சோதனைத் தாள்கள் உள்ள அலமாரிக்குப் பொறுப்பாளரான அப்துல் அஜீஸ், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“சூப்பர்வைசர் லெட்டர்?”

“இந்தாங்க அண்ணே.”

“பேனாவ பேக்குல போடு. பென்சில் மட்டுந்தான். ஹேன்ட்போன் என் மேசையில இருக்கட்டும்.”

“நான் படமெல்லாம் எடுக்க மாட்டேன் அண்ணே.”

“எல்லாரும் அப்படித்தான்லா சொல்றாங்க.” அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஆனா நீ பரவாயில்ல தங்கச்சி, ஒழுங்கா தேடிப் புடிச்சிட்ட. போன மாசம் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல வந்த பேரு, வருசம், நாலு வரிச் சுருக்கம், அத மட்டும் பிரிண்ட் போட்டுக்கிட்டு வந்து டெஸ்ட் கெடச்சிருச்சுன்னு நிக்கிறான். மெனு அட்டைய பொட்டலங்கட்டி தாப்பாவ் பண்ணிட்டு சாப்பாடு வாங்கிட்டேன்னு சொல்ற மாதிரி.”

நடாஷா சிரித்தாள். நான்கு நாள்களில் அதுவே முதல் சிரிப்பு.

“ஒன்னு கேக்கலாமா அண்ணே? சும்மா ஒரு கேள்வித்தாள் தானே? அத ஏன் பூட்டி வைக்கிறீங்க?”

“கேள்விய முன்னாலயே பாத்து வச்சவன் சொல்ற பதிலுக்கு மதிப்பு இல்ல. அதான்.” அலமாரியிலிருந்து, வினாநிரல் அடங்கிய நீல அட்டையிட்ட ஆய்வேட்டை எடுத்து அவர் மேசைமீது வைத்தார். “பன்னண்டேகாலுக்குத் திருப்பிக் குடுத்திரு. நான் ஜும்மாவுக்குப் போகணும். திரும்பி வர மூணு மணி ஆயிரும்.”

ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. பின்னிணைப்பு மட்டும் தமிழ். பதினெட்டு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு எண்கள். இல்லவே இல்லை என்றால் சுழியம், எப்போதாவது என்றால் ஒன்று, அடிக்கடி என்றால் இரண்டு, எப்போதும் என்றால் மூன்று. தனக்குப் பொருந்தும் எண்ணை வட்டமிட வேண்டும்.

தாயின் தமிழ் என்று நடாஷாவிடம் எஞ்சியிருந்தது மிகக் கொஞ்சம். சாப்பிட்டாயா, பள்ளிக்குப் போனாயா, அப்பா இருக்கிறாரா. கடல் கடந்து வந்த மூன்று கேள்விகள், அவ்வளவே. இங்கோ அதே மனுஷி நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

‘என் வீட்டில் என் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் கேட்கிறது.’

‘நாள் முழுவதும் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே உறங்கப் போகிறேன்.’

‘ஒருவருக்கு வேண்டியதைவிட அதிகமாகச் சமைத்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.’

நடாஷா பென்சிலைக் கீழே வைத்தாள். மூன்றாவதாகப் படித்த வாக்கியம் அவளுடைய தந்தையையே எதிரில் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் இன்னமும் மூன்று பேருக்கு உலை வைப்பவர். மீதியை மறுநாள் கஞ்சியாக்கி, கஞ்சிதான் உடம்புக்கு நல்லது என்பார்.

பதினான்காம் வாக்கியத்தில் அவள் நெடுநேரம் நின்றாள்.

‘வா என்று அழைத்தால் வந்துவிடக்கூடிய ஒருவர் எனக்கு இருக்கிறார்.’

எத்தனை எளிய வாக்கியம்! இதை எழுதிய இரண்டாம் ஆண்டில்தானே எழுதியவர் விமானம் ஏறினார்?

முறையாகப் படிக்கப் பழகியவள் ஆதலால், அடிக்குறிப்புகளையும் அவள் விடவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. முன்னோட்டச் சோதனையில் பங்குகொண்ட பதினோராம் நபரின் தாள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர் பதினெட்டு வாக்கியங்களுக்கும் சுழியமே இட்டிருந்தார். மேலும், அவர் ஆய்வாளரின் நெருங்கிய உறவினர்.

தனிமையே இல்லை என்பவனும் சுழியம் இடலாம். ஆனால் வா என்றால் வர ஓர் ஆள் உண்டா என்ற கேள்விக்கும் சுழியம் இட்டால், அவன் வாக்கியத்தைப் படிக்கவில்லை என்றுதான் பொருள். படிக்காமல் விடை எழுதுவோரைப் பிடிப்பதற்காகவே அத்தகைய வாக்கியங்களை இடையிடையே வைப்பது வழக்கம்.

நெருங்கிய உறவினர். அது யார் என்று எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“என்ன தங்கச்சி, முடிஞ்சிருச்சா?” அஜீஸ் எட்டிப் பார்த்தார்.

“இதுல இருக்கற அட்ரஸ் பழசு அண்ணே. இவங்க இப்ப இங்க இல்ல.”

“பழைய அட்ரஸ விடு. இவங்க கடைசியா எழுதுன கட்டுரை எதுன்னு பாரு. அதோட மொதப் பக்கத்துல இப்ப உள்ள ஈமெயில் இருக்கும். எழுதறத நிறுத்தாத ஆள எங்க போனாலும் கண்டுபுடிச்சிரலாம்.” சொல்லிவிட்டு அவர் தயங்கினார். “தெரிஞ்சவங்களா?”

“ஒரு காலத்துல தெரியும்.”

நூலகக் கணினியில் முகவரி பத்தே நிமிடத்தில் கிடைத்தது. கடிதந்தான் வரவில்லை. ‘மதிப்பிற்குரிய முனைவர்’ என்று தொடங்கி அழித்தாள். ‘அன்புள்ள’ என்று எழுதி, அடுத்த சொல் வராமல் அதையும் அழித்தாள். மறுபடி ‘மதிப்பிற்குரிய’ என்றே தொடங்கி, வினாநிரலைப் பயன்படுத்த அனுமதி வேண்டி ஏழு வரி எழுதி முடித்தாள். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மணி பன்னிரண்டேகால் ஆகிவிட்டது.

அவள் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்து, கைப்பேசியைப் பெற்றுக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஜெலுத்தோங்குக்கு விட்டாள்.

தந்தை பாக்கியநாதன் அடுக்களையில் இருந்தார். வெள்ளிக்கிழமையாதலால் இறைச்சி இல்லை. காலையில் பாசாரில் வாங்கிய மீன் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கடலின் அக்கரையில், மாக் மண்டினில் தகரப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கரண்டியைக்கூட வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்த பிறகே குழம்பில் விடுவார்.

“என்னம்மா, இந்த நேரத்துல? லைப்ரரி லீவா?”

“அப்பா, அந்த பதினோராவது ஆளு நீங்கதானே?”

கரண்டி நின்றது.

அவர் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து, யேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழேயிருந்த நாற்காலியில் அமர்ந்தார்.

“பூக்கு இன்னும் இருக்கா?” என்றார் மெல்ல.

“இருக்கு. அந்த ஆய்வேட்டப் பூட்டி வச்சிருக்காங்க.”

“நல்ல அட்டையா போட்டா. நீலம். கொம்தார் பக்கம் ஒரு கடையில பைண்டிங் பண்ணோம். நான்தான் பைக்குல தூக்கிட்டு வந்தேன்.”

“ஏன் எல்லாத்துக்கும் சைபர் போட்டீங்க?”

பாக்கியநாதன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கு என்னம்மா தெரியும்? வேலை முடிஞ்சி ஃபெர்ரியில வந்து எறங்கி, குளிச்சிட்டு உக்காந்தேன். ஒரு பாரத்த நீட்டி, நாதன், நீங்க நெரப்பிக் குடுங்கன்னா. எங்க ஃபேக்டரி பாரத்துல பெட்டி பெட்டியா எழுதுவோம். பள்ளம் இல்லன்னா கோசோங், கீறல் கோசோங், துரு கோசோங். கோசோங் வந்தாத்தான் பெட்டி பாஸ். ஒரு எடத்துல ஒன்னுன்னு விழுந்தா, பெட்டி ரிஜெக்ட்.” அவர் சிரிக்க முயன்றார். “அவளுக்கு நல்ல மார்க் வரட்டும்னு வரிசையா பதினெட்டு கோசோங் போட்டுக் குடுத்தேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“மொதல்ல விழுந்து விழுந்து சிரிச்சா. உன்னைய மடியில வச்சிக்கிட்டு. அப்புறம் பதினாலாவதுல வெரல வச்சா.” தந்தையின் குரல் தணிந்தது. “ ‘வா’ன்னு கூப்புட்டா நான் வரமாட்டேனா நாதன்னு கேட்டா.”

“நீங்க?”

“பிரச்சினை இல்லலான்னேன்.”

நடாஷாவுக்கு அந்தச் சொல் புதிதன்று. மின்சாரம் நின்றாலும், சம்பளம் தாமதமானாலும், காய்ச்சலில் கிடந்தாலும் அவர் சொல்லும் ஒரே சொல் அது.

“ஸ்காலர்ஷிப் வந்தப்பவும் அதான் சொன்னேன். போகட்டுமான்னு மூணு தடவ கேட்டா. போயிட்டு வா, பிரச்சினை இல்லலா. ரெண்டு வருசம் முடிஞ்சி, இங்கயே வேலை குடுக்கறாங்க, என்ன செய்யட்டும்னு கேட்டா. அதுக்கும் பிரச்சினை இல்லலா.” அவர் தலையை நிமிர்த்தினார். “ஒரு வார்த்த நான் கேக்கணும்னு அவ காத்துக்கிட்டு இருந்திருக்காம்மா. எனக்குத் தெரியுது. ஆனா வாயில அந்த வார்த்த வரல. பெட்டி பாஸாயிட்டா போதும்னு இருந்துட்டேன்.”

நடாஷா அவரெதிரே தரையில் அமர்ந்தாள். தன் பங்குக் குற்றம் அவளுடைய நெஞ்சிலும் இருந்தது. பதினைந்தாம் பிறந்த நாளன்று தொலைபேசி ஒலித்தபோது, நான் பேச மாட்டேன் என்று கையாட்டிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்துகொண்டவள் அவள். தந்தை உள்ளங்கையால் வாய்க்குழலைப் பொத்தி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, பிள்ளை வெளியே போயிருக்கிறாள் என்று பொய் சொன்னார். அதன்பின் பிறந்த நாள்களுக்கு அட்டை மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அனுப்பாமல் சேமித்து வைத்திருந்த கடிதத்தை அவள் கைப்பேசியில் திறந்து அவரிடம் காட்டினாள். பாக்கியநாதன் அதை இரண்டு முறை படித்தார்.

“மதிப்பிற்குரியன்னு போட்டிருக்க.”

“வேற என்னன்னு போடறதுப்பா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலேயே அவர் சொன்னார். “சீக்கிரம் அனுப்பு. அங்க அஞ்சு மணி ஆகப்போகுது. ஆபீஸ் மூடிருவா.”

நடாஷா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது. அங்கே நான்கு மணி நேரம் கூடுதல். இந்தக் கணக்கை அவர் எத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்?

“கொஞ்சம் இரு.” அவர் எழுந்து நாள்காட்டியின் பழைய தாள் ஒன்றைக் கிழித்து வந்தார். பின்பக்கத்தில், தொழிற்சாலைக் கையெழுத்தில், ஒன்று முதல் பதினெட்டு வரை எண்களை மேலிருந்து கீழாக எழுதினார்.

“என்னப்பா செய்றீங்க?”

“பேசாம இரு.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. பிறகு முதல் எண்ணுக்கு எதிரே ஏதோ எழுதினார். மறுபடி கண்களை மூடினார்.

நடாஷாவுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் பதினெட்டு வாக்கியங்களும் அவருக்கு மனப்பாடம். அன்று படிக்காமல் விடை எழுதியவர், அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலெல்லாம் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார்.

அவளுடைய துறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் குடும்பத்தாரின் விடைத்தாளை ஒருவர் பார்த்து மதிப்பிடக் கூடாது. அவள் எழுந்து சன்னலருகே போய், கீழே பட்டறை வாசலில் ஒருவன் டயரை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பென்சில் தாளில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. சில இடங்களில் அது வெகுநேரம் கேட்கவே இல்லை.

“இந்தா. இதையும் சேத்து அனுப்பு.”

“அப்பா, இது ஆபீஸ் லெட்டர். இதோட போய்...”

“உன் லெட்டர் உனக்கு. இது என்னோடது. இருவத்தி நாலு வருசம் லேட்டு, அவ்வளவுதான்.”

“கேள்வியே இல்லையேப்பா. வெறும் நம்பர்தானே இருக்கு?”

“கேள்வி எழுதுனவளுக்கு நம்பர் போதும்.”

அவள் தாளைப் பாராமலே படமெடுத்து இணைத்தாள். அனுப்பும் முன், கடிதத்தின் அடியில், எவரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தாள். ‘பின்குறிப்பு: என் பதினைந்தாம் பிறந்த நாளன்று நான் வீட்டில்தான் இருந்தேன்.’

பிறகு, யோசிக்க இடம் கொடுக்காமல் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. மீன் குழம்பு ஆறிப்போனது. மேற்பார்வையாளர் லோகேஸ்வரன், ‘லெட்டர் வந்துவிட்டதா?’ என்று குறுஞ்செய்தி அனுப்பினார். ‘இன்னும் இல்லை, டாக்டர்’ என்று பதில் எழுதினாள். நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தந்தை எழுந்து துணிகளை எடுத்து வந்தார், மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“வரலன்னா?” என்றார் ஒருமுறை.

“வேற வினாநிரல் தேடணும். மூணு மாசம் காத்திருக்க முடியாது. படிப்ப விடறதுதான் வழி.”

“பிரச்...” என்று தொடங்கியவர் அதை விழுங்கிக்கொண்டார்.

நான்கு நாற்பத்தெட்டுக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

முதல் இணைப்பு, பல்கலைக்கழக முத்திரையுடன் கூடிய அனுமதிக் கடிதம். நடாஷா பாக்கியநாதன் அவர்களுக்கு, இந்த வினாநிரலை மாற்றமின்றிப் பயன்படுத்த இசைவளிக்கிறேன். அடியில் நீல மையில் கையொப்பம். நடாஷா வேறெதையும் படிக்கவில்லை. கடிதத்தைப் படிவத்துடன் சேர்த்து நெறிக்குழுவின் பக்கத்தில் ஏற்றினாள். ‘பெறப்பட்டது, மாலை 4.53’ என்று திரை சொன்னது.

“ஆச்சாம்மா?”

“ஆச்சுப்பா.”

“வேற ஒன்னும் எழுதலயா?”

எழுதியிருந்தார். ‘அவர்களுக்கு’ என்ற மரியாதையெல்லாம் இணைப்போடு முடிந்துபோயிருந்தது.

‘பின்குறிப்புக்கு: எனக்குத் தெரியும், நடாஷா. தொலைக்காட்சியின் சத்தத்தை நீ கூட்டியது கேட்டது. நீ வீட்டில் இருக்கிறாய் என்று நிம்மதியாகத்தான் இருந்தது.’

எழுத்துகள் கலங்கிப்போயின. அவள் புறங்கையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது. அதை அவள் தந்தைக்கு வாய்விட்டுப் படித்தாள்.

‘பதினோராம் நபருக்கு: தாள் கிடைத்தது. பதினான்காம் வாக்கியத்துக்கு எதிரே விடை இல்லை. குறைவுபட்ட தாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. விடை தெரியாவிட்டால், கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதவும்.’

அதன் அடியில் ஒரு தொலைபேசி எண்.

பாக்கியநாதன் நாள்காட்டித் தாளைக் கையில் எடுத்தார். பதினான்கு என்ற எண்ணுக்கு எதிரே எழுதி எழுதி அழித்ததில் தாள் மெலிந்து, பின்பக்கத்துத் தேதி தெரிந்தது.

“அங்க ஒம்பது மணி ஆகுது. படுத்திருப்பா.”

“இப்பத்தான்ப்பா மெயில் வந்துச்சு.”

“காலையில கூப்புடலாம்லா?”

நடாஷா எண்களை அழுத்திக் கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, மேலாளர் முன் நிற்பவர்போல் எழுந்து நின்றார். ஒருமுறை ஒலித்தது. இரண்டாம் முறை ஒலித்தது. மூன்றாம் ஒலி பாதியில் நின்றது.

“ஹலோ.” குரல் சற்று முதிர்ந்திருந்தது. ஆனால் அதே நிதானம். “நாதனா? எப்படி இருக்கீங்க?”

பாக்கியநாதன் பழக்கத்தால் உள்ளங்கையைக் கொண்டுபோய்க் கைப்பேசியைப் பொத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்த்தது போலவே மகளைப் பார்த்தார். அவர் அடுத்துச் சொல்லப்போகும் சொல் எதுவென்று அவளுக்குத் தெரியும். மூன்று பேருக்கு உலை வைத்த இத்தனை ஆண்டுகளும் அந்த ஒரு சொல்லில்தான் கழிந்தன.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம், அப்பா.

அவர் கையை எடுத்தார்.

“பிரச்சினை இருக்குலா, ஆலிஸ்,” என்றார்.

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. அவர் எழுந்தாரா, உட்கார்ந்தாரா என்று தெரியவில்லை. பாக்கியநாதன் சுவரோரமாகத் தாளை வைத்து, பதினான்கின் எதிரே பென்சில் முனையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.